வைத்தியர் தேவைப்படாத கதிரை: பிரதேச சுகாதார சபைக்குத் தவிசாளரை எப்படித் தெரிவு செய்கிறார்கள்?

எமது வீடுகளில் நாலு பேர் கூடினால் என்.எச்.எஸ். கதை வந்துவிடும். ஜீபியிடம் நாள் கிடைக்கவில்லை, அம்மாவின் முழங்கால் சத்திரசிகிச்சை இன்னும் தள்ளிப்போய்விட்டது, அவசர சிகிச்சைப் பிரிவில் விடியும்வரை இருந்தோம் என்று கதை நீளும். கடைசியில் யாராவது ஒருவர் "இவங்களைக் கேட்க ஆளில்லை" என்று முடித்து வைப்பார். கேட்க வேண்டிய ஆள் ஒருவர் இருக்கிறார். அவரைத் தெரிவு செய்வதற்கு ஒரு முறையும் இருக்கிறது. விளம்பரம் போடுகிறார்கள், விண்ணப்பம் கேட்கிறார்கள், நேர்முகம் வைக்கிறார்கள். அது நடக்கிற நேரத்தில் நாம்தான் அந்தப் பக்கம் பார்ப்பதில்லை.

எம்மவர்கள் அதிகம் வாழும் இங்கிலாந்தின் முறையையே இங்கே விரிவாகப் பார்க்கிறோம். ஸ்கொட்லாந்து, வேல்ஸ், நோர்வே, கனடா வாசகர்களுக்குப் பின்னால் சில வரிகள் உண்டு.

ஒரு பிரதேசத்தின் சுகாதாரப் பணத்தை எதற்குச் செலவிடுவது என்று தீர்மானிப்பது வைத்தியசாலை அல்ல. 2022 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அவ்வாண்டு யூலை 1 ஆம் திகதி இங்கிலாந்தில் 42 ஒருங்கிணைந்த பராமரிப்புச் சபைகள் தொடங்கின. ஆங்கில எழுத்துச் சுருக்கத்தில் ஐ.சி.பி. என்பார்கள். அப்போது இலண்டனுக்கு ஐந்து சபைகள் இருந்தன. ஹரோவில் இருப்பவருக்கு வடமேற்கு இலண்டன் சபை, ஈஸ்ட்ஹாமில் இருப்பவருக்கு வடகிழக்கு, டூட்டிங்கில் இருப்பவருக்குத் தென்மேற்கு என்று பிரித்தார்கள். வைத்தியசாலைகளுக்கும் ஜீபி நிலையங்களுக்கும் மனநல சேவைகளுக்கும் பணம் இந்தச் சபைகள் ஊடாகவே போகிறது. 2023 ஏப்ரலில் இருந்து பல் வைத்தியம், மருந்தகம், கண் பரிசோதனை ஒப்பந்தங்களும் இவற்றின் கையில்தான்.

இது எமக்கு எங்கே உறைக்கிறது என்பதற்கு ஒரு காட்சி போதும். ஜீபியின் அறையில் அம்மம்மா, பக்கத்தில் பத்து வயதுப் பேரன். அம்மம்மா தனக்கு எங்கே நோகிறது என்று தமிழில் சொல்ல, பிள்ளை தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் அதைச் சொல்கிறான். சில விடயங்களை அம்மம்மா பேரன் முன்னால் சொல்லவே மாட்டார். பிள்ளைகளை உரைபெயர்ப்பாளர்களாக வைக்கக்கூடாது, நோயாளிக்கு இலவசமாக உரைபெயர்ப்பாளர் கிடைக்க வேண்டும் என்பதே என்.எச்.எஸ். வழிகாட்டல். ஆனால் அந்தச் சேவைக்கான ஒப்பந்தத்தைப் பிரதேச மட்டத்தில் செய்து, பணம் ஒதுக்கி, அது ஒழுங்காக நடக்கிறதா என்று பார்க்க ஒருவர் வேண்டும். 2021 ஆம் ஆண்டுச் சனத்தொகைக் கணக்கெடுப்பின்படி இங்கிலாந்திலும் வேல்ஸிலும் தமிழைத் தமது முதன்மை மொழி என்று எழுதியோர் ஏறத்தாழ ஒன்றேகால் இலட்சம் பேர்.

நீரிழிவும் அப்படித்தான். தெற்காசியருக்கு அந்த ஆபத்து குறைந்த எடையிலேயே தொடங்குகிறது. அதனால்தான் உடல் நிறைச் சுட்டெண் 23 ஐத் தாண்டினாலே ஆபத்து கூடுகிறது, 27.5 இல் அது உயர் ஆபத்து என்று கணக்கிடுமாறு நைஸ் நிறுவனம் 2013 இல் வழிகாட்டியது. மற்றவர்களுக்கு அந்த எல்லைகள் 25 உம் 30 உம். இந்த வேறுபாட்டைத் தெரிந்த ஒருவர் சபை மேசையில் இருந்து "எமது பிரதேசத்தில் இதன்படி எத்தனை பேரைப் பரிசோதித்தீர்கள்?" என்று கேட்பதற்கும் அந்தக் கேள்வி எழாமலே கூட்டம் முடிவதற்கும் நிறைய வித்தியாசம் உண்டு.

தவிசாளர் என்ன செய்கிறார்?

அவர் சபையை நாளாந்தம் நடத்துபவர் அல்ல. அந்த வேலை முதன்மை நிறைவேற்று அதிகாரியுடையது. அந்த அதிகாரியை நியமிப்பவர் தவிசாளர், என்.எச்.எஸ். இங்கிலாந்து அமைப்பின் ஒப்புதலோடு. மற்ற உறுப்பினர்களின் நியமனத்துக்கும் தவிசாளரின் இணக்கம் வேண்டும். எதைப் பற்றி எவ்வளவு நேரம் பேசுவது, எந்த அறிக்கையை "இது போதாது, திரும்பக் கொண்டுவாருங்கள்" என்று அனுப்புவது என்பதெல்லாம் அவர் கையில். ஆகவே தவிசாளர் தெரிவு என்பது உண்மையில் ஒரு முழுச் சபையின் தெரிவு.

கேட்க வேண்டியதைக் கேட்காத சபை என்ன செய்யும் என்பதை இந்த நாடு ஒரு தடவை விலை கொடுத்துத்தான் படித்தது. மத்திய இங்கிலாந்தின் ஸ்டாஃபோர்ட் வைத்தியசாலையில் 2005 முதல் 2009 வரை நோயாளிகள் சாப்பாட்டுக்கும் தண்ணீருக்கும் உதவியின்றியும், அழுக்கான படுக்கையிலும் விடப்பட்டார்கள். வரவு செலவைச் சமப்படுத்துவதிலும் 'பவுண்டேஷன் ட்ரஸ்ட்' என்ற உயர்ந்த அந்தஸ்தைப் பெறுவதிலும் அதன் சபை மூழ்கியிருந்தது, நோயாளிகளும் குடும்பங்களும் சொன்னதைச் செவிமடுக்கவில்லை என்று ரொபேர்ட் பிரான்சிஸ் தலைமையிலான பகிரங்க விசாரணை 2013 பெப்ரவரியில் அறிக்கையிட்டது. அந்த அறிக்கையில் 290 பரிந்துரைகள் இருந்தன. அந்த விசாரணையைக் கொண்டுவரப் போராடியவர்கள் நோயாளிகளின் குடும்பத்தினர். அவர்களை ஒன்றுசேர்த்தவர் அங்கே தாயைப் பறிகொடுத்த ஜூலி பெய்லி என்ற பெண்.

யார் நியமிக்கிறார்கள்?

ஐ.சி.பி. தவிசாளரை என்.எச்.எஸ். இங்கிலாந்து நியமிக்க, சுகாதார அமைச்சர் ஒப்புதல் கொடுக்க வேண்டும் என்று 2022 சட்டம் வைத்தது. தனியார் வைத்தியத் துறையுடனான தொடர்பினாலோ வேறு காரணத்தாலோ பொதுச் சுகாதார சேவையின் சுயாதீனத்துக்குப் பங்கம் வரும் என்று கருதக்கூடிய எவரையும் நியமிக்கக்கூடாது என்றும் அதே சட்டம் சொல்கிறது. நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு இடமில்லை. ஒரு தவணை வழமையாக மூன்று ஆண்டுகள் வரை, பின்னர் மீள நியமிக்கலாம்.

எம்மவர்கள் பெரும்பாலும் தவறாக நினைப்பது இன்னொன்றை. சுகாதார சபை என்றால் வைத்தியர்களின் இடம் என்று நாம் முடிவு கட்டிவிடுகிறோம். எமது சமூகத்தில் வைத்தியருக்குக் கொடுக்கும் மரியாதை அப்படி. ஆனால் தவிசாளர் பதவிக்கு வைத்தியப் பட்டம் தேவையில்லை. சொல்லப்போனால் அந்தப் பிரதேசத்தில் ஜீபியாகவோ வைத்தியசாலை வைத்தியராகவோ இருக்கும் ஒருவர் அந்த வேலையை வைத்துக்கொண்டு அங்கே தவிசாளராக வர முடியாது. தவிசாளர் சுயாதீனமானவராக இருக்க வேண்டும், அதே பிரதேசத்தின் வேறொரு சுகாதார அல்லது பராமரிப்பு அமைப்பில் பொறுப்பு வகிக்கக்கூடாது என்பது சபைகளின் யாப்பு.

இதுவரை இருந்தவர்களைப் பார்த்தாலே விளங்கும். நோர்போக்கில் முன்னாள் சுகாதார அமைச்சர் பற்றிஷியா ஹுவிற், ஹேர்ட்போர்ட்ஷயரில் முன்னாள் பராமரிப்புத்துறை இணை அமைச்சர் போல் பேர்ஸ்டோ, தென்கிழக்கு இலண்டனில் சுகாதாரத் திணைக்களத்தின் நிதிப் பொறுப்பில் இருந்த ரிச்சர்ட் டக்ளஸ். வைத்தியம் படித்தவர்களும் இல்லாமல் இல்லை. வடமேற்கு இலண்டன் சபையின் தவிசாளராக இருந்த பெனி டாஷ் வைத்தியராகப் பயின்றவர், 2025 இல் என்.எச்.எஸ். இங்கிலாந்தின் தலைவராகவே போனார். ஆனால் அவரையும் அங்கே கொண்டுபோனது ஸ்டெதஸ்கோப் மட்டுமல்ல, அமைப்புகளை ஆராய்ந்து நடத்திய நீண்ட அனுபவம்.

அப்படியானால் வாசல் எல்லோருக்கும் ஒரே அளவில் திறந்திருக்கிறதா? இல்லை. 2014 இல் ரொஜர் கிளைன் வெளியிட்ட ஆய்வு இலண்டன் என்.எச்.எஸ். அமைப்புகளின் சபைகளை எண்ணிப் பார்த்தது. நகர மக்களில் 45 வீதமும் ஊழியர்களில் 41 வீதமும் கறுப்பின, சிறுபான்மை இனத்தவர்கள். சபை உறுப்பினர்களில் அவர்கள் 8 வீதம். அடுத்த ஆண்டிலிருந்து ஒவ்வொரு அமைப்பும் தன் இனச் சமத்துவக் கணக்கை வெளியிட வேண்டும் என்ற விதி வந்தது. நிலைமை அன்றிருந்த மாதிரி இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். வடகிழக்கு இலண்டன் சபையின் முதல் தவிசாளர் மரீ கேப்ரியல் ஒரு கறுப்பினப் பெண். தானாக நடந்த மாற்றம் அல்ல இது, யாரோ எண்ணிக் காட்டியதால் நடந்தது என்பது எமது எண்ணம்.

விளம்பரத்திலிருந்து நியமனம் வரை

பதவி வெற்றிடமாகும்போது விளம்பரம் என்.எச்.எஸ். இங்கிலாந்தின் நியமனப் பக்கத்தில் வரும். பல தடவைகளில் ஆட்தேடும் நிறுவனம் ஒன்றையும் அமர்த்துவார்கள். அந்த நிறுவனங்கள் தமக்குத் தெரிந்த பெயர்களுக்குத்தான் முதலில் தொலைபேசி எடுக்கும். இங்கேதான் எமது ஆட்கள் முதலாவதாகத் தவறிப்போகிறார்கள். ஆனால் விளம்பரத்தில் ஒரு தொடர்பு இலக்கமும், "விண்ணப்பிக்க முன் கதைக்க விரும்பினால்" என்ற வரியும் இருக்கும். அதை நாகரிகத்துக்கு எழுதியது என்று நினைத்துக் கடந்து போகாதீர்கள். அந்த உரையாடலை எடுத்தவருக்கும் எடுக்காதவருக்கும் விண்ணப்பத்தில் வித்தியாசம் தெரியும்.

கூடவே ஒரு தகவல் கோவை கிடைக்கும். பிரதேசத்தின் நிலை, பதவிக்கு எதிர்பார்க்கும் தகைமைகள், நாட்கள், ஊதியம், நேர்முகத் திகதி எல்லாம் அதில் இருக்கும். இது பகுதிநேரப் பணி, கிழமையில் இரண்டு மூன்று நாட்கள். 2021 இல் முதல் தொகுதித் தவிசாளர்களைத் தேடியபோது பிரதேசத்தின் அளவைப் பொறுத்து ஆண்டுக்கு 55,000 முதல் 80,000 பவுண்ஸ் வரை என்று விளம்பரப்படுத்தினார்கள்.

வரும் விண்ணப்பங்கள் நீண்ட பட்டியலாகி, பிறகு குறும்பட்டியலாகும். அதில் உள்ளவர்களை உள்ளூராட்சி சபை, வைத்தியசாலைகள், தொண்டு அமைப்புகள், நோயாளர் பிரதிநிதிகள் ஆகியோர் கொண்ட குழுக்கள் சந்தித்துக் கேள்வி கேட்பது வழக்கம். அவர்கள் புள்ளி போடுவதில்லை, தமது அபிப்பிராயத்தைத் தெரிவுக்குழுவிடம் சொல்வார்கள். இறுதி நேர்முகம் தெரிவுக்குழு முன்னால். பிறகு மேலிடத்து ஒப்புதல்.

விண்ணப்பத்தின் உயிர் தன்விபரக் கோவையில் இல்லை, கூட வைக்கும் இரண்டு பக்க விளக்கக் கடிதத்தில்தான் இருக்கிறது. எம்மவர்களின் கடிதங்களில் அடிக்கடி வரும் ஒரு பழுது உண்டு. "நாங்கள் தமிழ்ப் பாடசாலையைத் தொடங்கினோம், நாங்கள் கட்டிடம் வாங்கினோம்" என்று எழுதுவோம். தன் வாயால் தன்னைப் புகழக்கூடாது என்று வளர்ந்தவர்கள் நாம். ஆனால் தெரிவுக்குழு கேட்பது "நீங்கள் என்ன செய்தீர்கள்?" என்பதை. கட்டிட நிதி குறைந்தபோது யார் வங்கியோடு பேசியது? இரண்டு தரப்பாகப் பிரிந்த நிர்வாகத்தை யார் ஒரே மேசைக்குக் கொண்டுவந்தது? அது நீங்கள்தான் என்றால் "நான்" என்று எழுதத்தான் வேண்டும். (இந்தக் கட்டுரையையே "நாம்" என்று எழுதிக்கொண்டு இதைச் சொல்வது எமக்கும் விளங்குகிறது.)

அந்த அனுபவங்களைக் குறைத்து மதிக்கத் தேவையில்லை. முந்நூறு பிள்ளைகளும் நாற்பது தொண்டர் ஆசிரியர்களும் உள்ள சனிக்கிழமைப் பாடசாலையையோ, ஒரு கோயில் பரிபாலன சபையையோ பத்து வருடம் உடையாமல் கொண்டுபோனவருக்கு வரவு செலவும் தெரியும், கோபக்காரர் நிறைந்த கூட்டத்தை நடத்தவும் தெரியும். ஆனால் அது மட்டும் தனியே போதாது என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். பல நூறு கோடி பவுண்ஸ் புரளும் சபை இது. ஊர்ச்சங்கத்திலிருந்து நேரே இந்தக் கதிரைக்கு யாரும் போவதில்லை. இடையில் படிகள் இருக்கின்றன: பாடசாலை ஆளுநர், வீடமைப்புச் சங்கத்தின் சபை, ஹெல்த்வொச், பிறகு ஒரு வைத்தியசாலை ட்ரஸ்டில் நிறைவேற்று அதிகாரமற்ற உறுப்பினர். குறைவாகப் பிரதிநிதித்துவம் பெறும் சமூகத்தினரை அந்த நிலைக்குத் தயார்படுத்த என்.எச்.எஸ். இங்கிலாந்து 'நெக்ஸ்ட் டிரெக்டர்' என்ற பயிற்சித் திட்டத்தையும் நடத்திவந்தது. நாற்பது வயதில் முதற்படியில் கால் வைத்தவர் ஐம்பதில் தவிசாளர் கதிரைக்கு விண்ணப்பிக்கலாம். எமது இரண்டாம் தலைமுறையில் கணக்காளர்களும் சட்டத்தரணிகளும் தகவல் தொழில்நுட்பத்தில் பெரிய திட்டங்களை நடத்தியவர்களும் இப்போது அந்த வயதில்தான் நிற்கிறார்கள்.

தெரிவான பின்னரும் ஒரு வாசல் உண்டு. ஸ்டாஃபோர்ட் விவகாரத்தின் பின் 2014 இல் வந்த "தகுதியும் நேர்மையும் உள்ள ஆளா" என்ற பரிசோதனை, 2019 இல் ரொம் கார்க் என்ற சட்டத்தரணி செய்த மீளாய்வைத் தொடர்ந்து 2023 செப்ரெம்பரில் கடுமையாக்கப்பட்டது. முந்திய வேலைத்தலங்களின் சான்று, குற்றப் பதிவு, வங்குரோத்துப் பதிவு, தகுதி நீக்கப்பட்ட நிறுவன இயக்குநர், தொண்டு நிறுவன அறங்காவலர் பட்டியல்கள் எல்லாம் பார்ப்பார்கள். சமூக வலைத்தளப் பதிவுகளையும் பார்ப்பார்கள். இதில் எமது ஆட்கள் கவனிக்க வேண்டியது கோயில், சங்கக் கணக்குகள். நீங்கள் அறங்காவலராக இருக்கும் அமைப்பு ஆண்டுக் கணக்கைப் பிந்திக் கொடுத்தால் அது தொண்டு ஆணைக்குழுவின் பகிரங்கப் பதிவேட்டில் யாரும் பார்க்கக் கிடக்கும். "பொருளாளர் பார்த்துக்கொள்வார்" என்று விட்ட கணக்கு ஐந்து வருடத்தின் பின் உங்கள் நேர்முகத்தில் வந்து நிற்கலாம்.

கதிரைகள் குறைகின்றன

2025 மார்ச் 13 அன்று என்.எச்.எஸ். இங்கிலாந்து அமைப்பையே கலைத்து அதன் வேலையை சுகாதாரத் திணைக்களத்துக்குள் கொண்டுபோகப் போவதாகப் பிரதமர் கியர் ஸ்டாமர் அறிவித்தார். ஐ.சி.பி.க்கள் தமது நிர்வாகச் செலவை ஏறத்தாழப் பாதியாகக் குறைக்க வேண்டும் என்ற உத்தரவும் அதே காலத்தில் வந்தது. அயல் சபைகள் கூட்டுச் சேர்ந்து ஒரே தவிசாளரையும் ஒரே நிறைவேற்று அதிகாரியையும் வைத்துக்கொள்ளத் தொடங்கின. அவ்வாண்டு யூலையில் வந்த பத்தாண்டுத் திட்டமோ, பவுண்டேஷன் ட்ரஸ்ட்களில் மக்கள் வாக்களித்துத் தெரிவு செய்த ஆளுநர்கள் இனிக் கட்டாயமில்லை என்றும், நோயாளர் குரலாக இருந்த ஹெல்த்வொச் அமைப்பின் வேலையை வேறிடங்களுக்கு மாற்றுவதாகவும் சொன்னது. அந்த ஆளுநர்கள்தான் பவுண்டேஷன் ட்ரஸ்டின் தவிசாளரை நியமித்தவர்கள். கதிரை குறையக் குறைய ஒவ்வொரு கதிரையின் கீழும் வரும் மக்கள் தொகை கூடுகிறது, சாதாரண மனிதர் உள்ளே போகும் பக்கவாசல்கள் மூடுகின்றன. முன்பு இரண்டு மூன்று தவிசாளர்களில் ஒருவருக்காவது எமது பகுதியைத் தெரிந்திருக்கும் வாய்ப்பு இருந்தது. இப்போது ஒருவர்தான். இந்த மாற்றங்கள் இன்னும் நடந்துகொண்டிருப்பதால் விண்ணப்பிக்க நினைப்பவர் தன் பிரதேசச் சபை எதனோடு சேர்ந்திருக்கிறது, இனி யார் நியமிப்பது என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

மற்ற நாடுகளில் வாசல் வேறு. ஸ்கொட்லாந்தின் 14 பிரதேச சுகாதார சபைகளுக்கும் வேல்ஸின் ஏழு சபைகளுக்கும் அந்தந்த அரசின் அமைச்சர்களே தவிசாளரை நியமிக்கிறார்கள், விளம்பரப் போட்டி மூலம். நோர்வேயில் 2002 இல் அரசு வைத்தியசாலைகளைப் பொறுப்பேற்றது முதல் பிரதேச சுகாதார நிறுவனங்களின் சபையைத் தலைவரோடு சேர்த்து சுகாதார அமைச்சரே அமர்த்துகிறார், அத்தகைய பிரதேசங்கள் இப்போது நான்கு. ஒன்ராறியோவில் முன்பு 14 பிரதேச வலையமைப்புகளுக்குத் தனித்தனிச் சபைகள் இருந்தன. 2019 இல் 'ஒன்ராறியோ ஹெல்த்' உருவானபோது அவை ஒரே மாகாணச் சபைக்குள் போயின. அங்கே நியமனம் மாகாண அமைச்சரவையின் கட்டளை மூலம், வெற்றிடங்களை மாகாணத்தின் பொது நியமனச் செயலகம் அறிவிக்கும்.

விண்ணப்பிக்காதவர்களுக்கும் இதில் இடம் உண்டு. தவிசாளர் தெரிவு தொடங்கும்போது குறும்பட்டியலில் உள்ளவர்களைச் சந்திக்கும் குழுக்களுக்கு ஆள் தேடுவார்கள். பிரதேசத்தில் பதிவுசெய்த தமிழ் அமைப்பு ஒன்று முன்கூட்டியே சபைச் செயலகத்துக்கு எழுதி, எங்களையும் அழையுங்கள் என்று கேட்கலாம். மக்களை ஈடுபடுத்த வேண்டும், சுகாதார ஏற்றத்தாழ்வைக் குறைக்க வேண்டும் என்பவை இந்தச் சபைகளுக்குச் சட்டம் விதித்த கடமைகள், ஆகவே அந்தக் கடிதம் சலுகை கேட்கும் கடிதமல்ல. குழுவில் இருந்து ஒரே ஒரு கேள்வி கேட்கக் கிடைத்தாலும் போதும்: ஆங்கிலம் பேசாத முதியவர் ஒருவர் உங்கள் பிரதேசத்தில் ஜீபியிடம் போனால் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியுமா?

சபைக் கூட்டங்கள் பொதுமக்கள் முன்னிலையில் நடப்பவை. பத்திரங்கள் சில நாட்களுக்கு முன்னரே சபையின் இணையத்தளத்தில் வரும், கேள்விகளை எழுத்தில் முன்கூட்டியே அனுப்பலாம். கடந்த ஆண்டு தமிழ் உரைபெயர்ப்பாளர் எத்தனை தடவை கேட்கப்பட்டார், எத்தனை தடவை கிடைக்கவில்லை என்பதைத் தகவல் அறியும் சட்டத்தின் கீழ் கேட்டால் 20 வேலை நாட்களுக்குள் பதில் தர வேண்டும். அந்தப் பதிலை அச்சடித்துக்கொண்டு அடுத்த கூட்டத்துக்குப் போய்ப் பின்வரிசையில் இருங்கள். பெரும்பாலும் அந்த வரிசை வெறுமையாகத்தான் இருக்கும்.